ஷிஃப்ட் முடிந்தபின் எதைப் பார்த்துச் சிரிப்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நகைச்சுவை பெரும்பாலும் மூன்று நிமிடத் துண்டாகத்தான் பார்க்கப்படுகிறது. காலை, மதியம், இரவு என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் இரண்டரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார வார விடுமுறையில்தான் வாய்க்கும். சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார ரயிலில் மீஞ்சூர் தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் கைபேசி வெளியே வருகிறது. வடிவேலு அடி வாங்குகிறார், கவுண்டமணி உதைக்கிறார். கவரைப்பேட்டை வருவதற்குள் சில துண்டுகள் முடிந்துவிடுகின்றன. களைத்த உடம்புக்கு அது வேண்டியிருக்கிறது; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் அந்த இரண்டரை மணி நேரத்தை எந்தச் சிரிப்புப் படத்துக்குக் கொடுக்கலாம், எந்த மேடைச் சிரிப்புக்குக் கொடுக்கலாம் என்பது தனிக் கேள்வி. அதற்குத் தயவுதாட்சணியம் இல்லாமல்தான் பதில் தேட வேண்டும்.

இங்கே பார்வையாளர் யார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள், தடாவிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் வந்து போகும் தெலுங்கு வீட்டுக்காரர்கள், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருக்கும் தொழிலாளர்கள். ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடிக்கும்போது இவர்களுக்குள் பேச்சு அதிகம் தேவைப்படுவதில்லை. அறைக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு மொழி. ஆகவே ஒரு நகைச்சுவையிடம் நான் கேட்பது இரண்டு கேள்விகள். சிரிப்பின் பாரம் யார் தலையில் இறங்குகிறது? பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரும் கூடச் சிரிக்க முடியுமா, அல்லது அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோமா?

இந்த மண்ணுக்கு மிக நெருக்கமான பாத்திரம் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் காண்ட்ராக்டர் நேசமணியைச் சொல்வேன். சித்திக் இயக்கி 2001இல் வந்த ‘பிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற வேடம். மலையாளத்தில் 1999இல் வந்த அதே பெயர்ப் படத்தின் மறு ஆக்கம் அது. 2019 மே மாதக் கடைசியில், சுத்தியலின் பெயரைக் கேட்ட ஒரு முகநூல் பதிவுக்கு ஒரு தமிழர் எழுதிய பதிலிலிருந்து கிளம்பி, நேசமணி நலம் பெறப் பிரார்த்திப்போம் என்று உலகமே ட்விட்டரில் பேசியது. பதினெட்டு ஆண்டு கழித்தும் ஒரு காட்சி அப்படி எழுந்து நிற்கிறது என்றால் அதில் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்ததைத் தவிர வேறு ஏதோ இருக்க வேண்டும்.

அந்தப் பகுதியை முழுமையாகப் பார்த்தால் அது என்னவென்று தெரியும். நேசமணி முதலாளி இல்லை, தொழிலாளியும் இல்லை. வேலை கொடுத்த அரண்மனைக்காரர்கள் முன்னால் முதுகு வளைகிறது; திரும்பிய கையோடு தன் ஆட்கள் மேல் குரல் உயர்கிறது. மேலே பணிவு, கீழே அதட்டல். இரண்டுக்கும் நடுவே நின்று, கெட்டுப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் தானே பதில் சொல்ல வேண்டிய ஆள். ரமேஷ் கண்ணாவின் கையிலிருந்து நழுவும் சுத்தியல் அந்தத் தலையில்தான் இறங்குகிறது. தன் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இல்லாமல், காண்ட்ராக்டரின் நோட்டில் மட்டும் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்த ஆளை நேரில் தெரியும். ஓவர்டைம் கணக்கு கேட்டால் கத்துவார். கம்பெனிக்காரர் போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். வடிவேலு அந்த இரட்டை உடல்மொழியை எந்த வசனமும் விளக்காத அளவு துல்லியமாகச் செய்திருக்கிறார். கழுத்து ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், கை எதற்கும் தயாராக.

துண்டாக வெட்டும்போது முதலில் போவது இந்தப் படிநிலைதான். மிஞ்சுவது அடி மட்டும். பயந்து பயந்து பிழைக்கும் ஒரு இடைத்தரகன் வெறும் அடிவாங்கியாகச் சுருங்கிவிடுகிறான். ‘பிரண்ட்ஸ்’ முழுப்படமாக என்னிடம் அவ்வளவு மதிப்பெண் வாங்காது. நேசமணி ஒதுங்கியதும் அது சாதாரண உருக்கப் படமாகிவிடுகிறது. ஆனால் அந்த வண்ணப்பூச்சு வேலைப் பகுதியைத் தொடக்கத்திலிருந்து வெட்டாமல் பார்ப்பது அவசியம்.

தமிழ் நகைச்சுவையின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. நம் பெரிய நகைச்சுவை நடிகர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தது படத்துக்குள் தனியாக ஓடிய ‘காமெடி டிராக்’குகளில். கவுண்டமணி - செந்தில் இருவருக்கும் அந்தத் தடத்தைப் போட்டுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஏ. வீரப்பன். 1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் சைக்கிள் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல் இன் ஆல் அழகுராஜா என்று பெயர் போட்டுக்கொண்ட கடைக்காரர், பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை விரலால் நசுக்கிவிட்டு விளக்கம் கேட்கும் செந்தில். தொழில் தெரிந்தவனின் கர்வமும், தெரியாதவனின் அப்பாவிக் குறும்பும் நேருக்கு நேர் மோதுகின்றன. 1989இன் ‘கரகாட்டக்கார’னில் வாழைப்பழம். கொடுத்த காசுக்கு இரண்டு பழம், கையில் ஒன்று, இன்னொன்று எங்கே என்ற ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. தர்க்கம் தன் வாலையே கடிக்கும் காட்சி அது; எந்த மொழிக்காரருக்கும் கையில் ஒரு பழத்தோடு நடித்துக் காட்டிவிடலாம்.

இந்த இரண்டு காட்சிகளும் நிலைத்ததற்குக் காரணம் அவற்றில் கேள்வி இருப்பது. இதே இணையின் மற்ற எத்தனையோ காட்சிகளில் கேள்வி கிடையாது. செந்திலின் நிறமும் வயிறும் தலையும்தான் சரக்கு. கவுண்டமணி பெரிய மனிதர்களின் பவிசைக் கிழித்த அளவுக்கு, தனக்குக் கீழே இருந்தவனின் உடம்பையும் கிழித்தார். முன்னதற்காக அவரைக் கொண்டாடுவோம். பின்னதை இன்று சிரிப்பென்று பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பழக்கம் அங்கேயே நின்றுவிடவில்லை. யோகி பாபுவைப் படத்துக்குப் படம் உருவத்தைச் சொல்லிக் கேலி செய்ததும், ஆயுதபூஜைக்குக் கம்பெனி வாசலில் போடும் மேடைகளில் மிமிக்ரி கலைஞர்கள் குண்டு, கறுப்பு, மனைவி என்று மூன்றே விஷயங்களில் ஒப்பேற்றுவதும் அதன் தொடர்ச்சிதான். மேடைக்குக் கீழே நாற்காலியில் ஒப்பந்தப் பெண் தொழிலாளர்களும் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

முழுப்படங்களுக்கு வருவோம். வேலையைப் பற்றி, முதலாளியைப் பற்றி உருப்படியாகச் சிரித்த தமிழ்ப் படம் என்றால் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) முதலில் வந்து நிற்கிறது. அதைக் காதல் படமாகவே நினைவு வைத்திருக்கிறோம். கதையைத் தொடங்கி வைப்பது ஒரு வேலைநீக்கம். எஸ்டேட் முதலாளி விசுவநாதனாக டி. எஸ். பாலையா, தன் மகள்களோடு தகராறு செய்த அசோக்கை வேலையை விட்டு அனுப்புகிறார். அசோக் போய்விடுவதில்லை. முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு, ஆள் சேர்த்து, வேலை கேட்டு ஆடிப் பாடுகிறான். ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்வது என்னவென்று அறிந்த ஊருக்கு இந்தக் காட்சியின் சுவை கூடுதலாகவே தெரியும். படம் அந்தப் போராட்டத்தை விளையாட்டாக்கி, பிறகு பணக்கார மாப்பிள்ளை வேஷத்துக்குள் தப்பித்துப் போய்விடுகிறது. அது குறைதான். ஆனால் முதலாளியின் பேராசையைப் பாலையா காட்டியிருக்கும் விதத்துக்கு ஈடில்லை. எதிரே இருப்பவன் கோடீஸ்வரன் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதும் அவர் குரல் குழைவதைப் பாருங்கள். நாகேஷ் பேய்க்கதை சொல்லி அவரை நடுங்க வைக்கும் இடத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாலையாவின் முகத்தை மட்டும் பார்த்தாலும் சிரிப்பு வரும்.

கே. பாலசந்தரின் ‘தில்லு முல்லு’ (1981) இன்னும் நேரடியானது. நேர்முகத் தேர்வுக்குப் போன யாரும் அதைத் தம் கதையாகப் பார்ப்பார்கள். மீசை இருந்தால் யோக்கியன், விளையாட்டில் ஆசை இருந்தால் உருப்படாதவன் என்று நம்பும் முதலாளி தேங்காய் சீனிவாசன். அவர் கிறுக்குக்கு ஏற்றபடி தன்னையே வெட்டித் தைத்துக்கொண்டு வேலைக்குச் சேரும் ரஜினிகாந்த். கால்பந்தாட்டம் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டதும், மீசையில்லாத இரட்டைத் தம்பி ஒருவனைக் கண்டுபிடிக்க வேண்டியதாகிறது. பொய் சொன்னவனைப் படம் தண்டிப்பதில்லை. திறமையைப் பார்க்காமல் மீசையைப் பார்த்த அதிகாரத்தைத்தான் தண்டிக்கிறது. தேங்காய் சீனிவாசனின் நடிப்பில் அந்த முதலாளி கெட்டவரும் இல்லை. தன் நம்பிக்கையில் உண்மையாக இருப்பவர். அதனால்தான் அவர் ஏமாறும்போது சிரிப்போடு கொஞ்சம் பரிதாபமும் வருகிறது. குறை என்றால் நீளமும், நடுவில் வரும் சில மெதுவான இடங்களும். அவற்றை மன்னிக்கலாம்.

இந்த இரண்டு படங்களும் என் இரண்டாவது கேள்வியிலும் தேறுகின்றன என்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ‘தில்லு முல்லு’வின் மூலம், ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ‘கோல்மால்’ (1979). தேங்காய் சீனிவாசன் செய்ததை அங்கே உத்பல் தத் செய்தார். ரஜினி செய்ததை அமோல் பாலேகர். ‘காதலிக்க நேரமில்லை’ எதிர்த் திசையில் போனது. ஸ்ரீதரே அதை 1966இல் ‘ப்யார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தார். நாகேஷின் இடத்தில் மெஹ்மூத். பீகாரிலிருந்து வந்தவர் ஒன்றை இந்தியில் பார்த்திருப்பார். ஊத்துக்கோட்டைக்காரர் தமிழில் பார்த்திருப்பார். ஒரே பேய்க்கதைக்கு இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். பேச்சைத் தொடங்க இது போதும்.

அதே மெஹ்மூத் 1968இல் ‘படோசன்’ படத்தில் பிள்ளை என்கிற தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்தார். குடுமி, நெற்றியில் பட்டை, கோணல் இந்தி. வடநாடு பல ஆண்டுகள் தமிழனை அந்த உருவத்தில்தான் சிரித்துப் பார்த்தது. மெஹ்மூதின் ஆற்றலில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் படத்தின் பாட்டுப் போட்டி அபாரமானது. ஆனாலும் அந்தக் கேலி நமக்குச் சுட்டது, சுட்டதை மறக்கவும் இல்லை. இன்று நிலைமை திரும்பியிருக்கிறது. பான்பராக், கோணல் தமிழ், கூட்டமாக ரயிலேறுதல் என்று வடநாட்டுத் தொழிலாளியை ஒரு பொம்மையாக்கி, அதைச் சிரிப்பென்று கைபேசிகளில் சுற்றவிடுகிறார்கள். படங்களிலும் ஒரு காட்சிக்கு வந்து ‘பையா’ என்று அழைக்கப்பட்டு அடி வாங்கிப் போகும் ஆளாக அவர் இருக்கிறார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பலர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். அந்தப் பொய்யைப் பரப்பியவர்கள் வேறு. ஆனால் அதை நம்பும் அளவுக்கு அவர்கள் இங்கே அந்நியமாக இருந்தார்களே, அதில் நம் சிரிப்புக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன். இப்படிப்பட்ட நகைச்சுவைக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் என் கணக்கில் இடமில்லை.

கேலி செய்யாமல் புலம்பெயர்ந்தவனை வைத்துச் சிரிக்க முடியாதா என்றால், முடியும் என்று மலையாளத்தில் 1987லேயே காட்டியிருக்கிறார்கள். சத்யன் அந்திக்காடு இயக்கி, ஸ்ரீனிவாசன் எழுதிய ‘நாடோடிக்காற்று’. வேலையில்லாத தாசனும் விஜயனும் துபாய் போகிறோம் என்று நம்பிப் படகேறி, சென்னைக் கடற்கரையில் அரபு உடையோடு இறங்குகிறார்கள். சுற்றிலும் தமிழ். நம் ஊரை அந்நிய தேசமாகப் பார்க்கும் இரண்டு பேரின் திகைப்பில் படம் முழுக்கச் சிரிப்பு ஓடுகிறது. ஏமாந்தவர்களை அது ஒருபோதும் அற்பமாக்குவதில்லை. தமிழில் பாண்டியராஜனும் எஸ். வி. சேகரும் நடித்து ‘கதாநாயகன்’ (1988) ஆக வந்தது. தமிழ் வடிவம் சுமார், மூலத்தையே பாருங்கள். ஏஜென்டுக்குப் பணம் கட்டி வளைகுடா போகக் காத்திருக்கும் ஐடிஐ படித்த பையன்கள் திருவள்ளூர் மாவட்டத்திலும் உண்டு. அவர்களுக்கு இது அசல் கதை.

எல்லாரும் முதலிடம் தரும் ‘மைக்கேல் மதன காமராஜ’னை (1990) எங்கே வைப்பது என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், நான்கு கமல்ஹாசன், கிரேஸி மோகனின் வசனம். கிண்டியில் பொறியியல் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர் மோகன். ஆலை வேலையை அறிந்த அந்த மனிதரின் வசனத்தில் ஒரு சொல் அடுத்த சொல்லைக் கூட்டி வருகிறது, அது தவறாகக் கேட்கிறது, அந்தத் தவறு கதையை நகர்த்துகிறது. தமிழ் தெரிந்தவருக்கு அது திகட்டாத விருந்து. தெரியாதவருக்கோ முக்கால் பங்கு சிரிப்பு கதவுக்கு வெளியே நின்றுவிடும். மொழிபெயர்க்கவே முடியாது. ஆனால் கடைசியில் மலை விளிம்பில் ஆடும் வீடு இருக்கிறதே, அது யாருக்கும் புரியும். சாப்ளினின் ‘தி கோல்டு ரஷ்’ (1925) படத்துக் குடிசைக்குச் செய்த மரியாதை அது. தமிழர்கள் மட்டும் கூடியிருந்தால் தயங்காமல் இதைப் போடலாம். எல்லாரும் இருக்கும் அறைக்கு உச்சக் காட்சி மட்டும்.

‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006) பற்றி விமர்சகர்கள் சொல்ல மறந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சிம்புதேவனின் அந்தப் படம் மன்னர் காலக் கதையென்ற போர்வையில் ஒரு தொழிற்பேட்டையின் கதையையும் சொல்லியிருக்கிறது. அந்நியக் கம்பெனியின் பானத்துக்கு அரசனே கதவைத் திறந்துவிடுகிறான்; காசு வாங்கிக்கொண்டு அதற்கு விளம்பரமும் செய்கிறான். சாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானம் கட்டித் திறந்து வைக்கிறான். நிலத்தடி நீர் எங்கே போகிறது, வேலை யாருக்குப் போகிறது என்று கேட்கும் கிராமங்களுக்கு இந்த அங்கதம் இன்னும் ஆறிப்போகவில்லை. வடிவேலு துண்டுகளிலிருந்து வெளியே வந்து, முழுப்படத்தையும் தோளில் சுமந்து கரையேற்றிய படம். இரண்டாம் வேடமான புரட்சிக்காரச் சகோதரன் வரும்போது படம் தட்டையாகிறது. நல்லவனை எழுத சிம்புதேவனுக்குக் கோமாளியை எழுதிய அளவு கைவரவில்லை. இருந்தும் நான் இதற்கு உயர்ந்த இடம் தருவேன்.

இனி மேடைச் சிரிப்பு. ஸ்டாண்டப் காமெடியை அமெரிக்கச் சரக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தனியொருவர் நின்று, பாடி, கதை சொல்லி, ஊரைச் சிரிக்க வைத்த மரபு நமக்கு உண்டு. என். எஸ். கிருஷ்ணன் ‘நல்லதம்பி’ (1949) படத்தில் செய்த கிந்தனார் காலட்சேபம் அதற்குச் சிகரம். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துத் தலைநிமிரும் கதையை, நந்தனார் கதையின் வடிவத்திலேயே சொல்லிச் சிரிக்க வைத்தார். பிறகு பட்டிமன்ற மேடைகளில் திண்டுக்கல் ஐ. லியோனி அந்தப் பாட்டும் பேச்சும் கலந்த வழியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வம்சத்தில் வருபவர் என்பதால்தான் அலெக்சாண்டர் பாபு மற்றவர்களிலிருந்து தனித்து நிற்கிறார். மென்பொருள் வேலையை விட்டு மேடைக்கு வந்தவர். அமேசான் பிரைமில் 2019இல் வந்த ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ நிகழ்ச்சியில் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்து தமிழ்த் திரைப் பின்னணிப் பாடகர்களின் வரலாற்றைத் தன் வாழ்க்கையோடு கோத்துச் சொல்கிறார். சிரிப்பு பாடகர்களை இறக்குவதில் இல்லை. அவர்கள் குரல் நம் வீட்டுக்குள் எப்படியெல்லாம் குடியிருக்கிறது என்பதில் இருக்கிறது. யேசுதாஸ் எப்படி மூச்சு விடுகிறார் என்று காட்டும்போது கிண்டலும் வணக்கமும் ஒரே மூச்சில் வருகின்றன. பாட்டை அறிந்த எவருக்கும் பள்ளிப் படிப்புத் தடையில்லை. பார்க்கலாம், குடும்பத்தோடு பார்க்கலாம். அமெரிக்கா, மென்பொருள், சங்கீத சபை என்று ஒரு வட்டத்துக்குள் சில இடங்கள் சுற்றுவது மட்டும் கொஞ்சம் விலக்குகிறது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அரவிந்த் எஸ். ஏ.யின் ‘மெட்ராஸி டா’ (2017) கூர்மையானது, வேகமானது. ஆனால் ஆங்கிலத்தில் பேசுகிறது, பேசப்படும் வாழ்க்கையும் அந்த வகுப்புடையது. 2020இல் வந்த ‘காமிக்ஸ்தான் செம காமெடி பா’ புதியவர்களுக்குக் கதவு திறந்தது, ஓரிருவர் தேறினார்கள், பெரும்பாலானவர்கள் அம்மா, பொறியியல் கல்லூரி, திருமண வரன் என்ற அதே மூன்று தெருக்களில் நடந்தார்கள். நான் பார்த்தவற்றில் இரவு ஷிஃப்ட் இல்லை, கேன்டீன் டோக்கன் இல்லை, சூப்பர்வைசர் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் மேடையேறிவிட்டன. வடக்கே ஜிஎன்டி சாலையின் தகரக் கூரைகள் ஏறவில்லை. அதுவரை இந்தப் பகுதிக்காரரிடம் மாதச் சந்தா கட்டி ஸ்டாண்டப் பாருங்கள் என்று என்னால் பரிந்துரைக்க முடியாது, அலெக்சாண்டர் பாபு ஒருவரைத் தவிர.

இறுதிக்கு மூன்று தமிழ்ப் படங்கள் மிஞ்சுகின்றன. மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021) யோகி பாபுவுக்குக் கிடைத்த நியாயம். பெயரே இல்லாத நாவிதன், அஞ்சலகப் பெண்ணின் உதவியால் அடையாள அட்டைக்காகப் பெயர் வாங்குகிறான். அந்த ஒற்றை ஓட்டை வைத்து இரண்டு சாதிக் கூட்டங்களும் அவன் காலில் விழுகின்றன. படம் முழுவதும் அவன் உருவத்தை வைத்து ஒரு சிரிப்பைக்கூட இயக்குநர் எடுக்கவில்லை என்பதை நன்றியோடு கவனித்தேன். அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்குமான தேசிய விருதுகள் தகுதியானவை. முடிவு மட்டும் அவசரமாக நல்லதாகிறது. அபிஷன் ஜீவிந்தின் ‘டூரிஸ்ட் பேமிலி’ (2025), இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்த குடும்பத்தை ஒரு சென்னைக் காலனி ஏற்றுக்கொள்ளும் கதை. இதமான படம். எதிர்ப்பவர் எல்லாரும் சீக்கிரமே கரைந்துவிடுவதால் பயம் நெஞ்சில் தங்குவதில்லை. வாடகை வீடு கிடைக்காமல் அலைந்த வெளிமாநிலத் தொழிலாளியைக் கேட்டால் அவ்வளவு இனிப்பு இல்லை என்பார்.

மணிகண்டனின் ‘ஆண்டவன் கட்டளை’ (2016) அந்தப் பயத்தை விடவில்லை. கடன்பட்ட காந்தி லண்டன் போக வேண்டும். தரகர் சொன்னபடி பாஸ்போர்ட்டில் இல்லாத மனைவியின் பெயரைச் சேர்க்கிறான், கார்மேகக்குழலி. விசா மறுக்கப்படுகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அதை நீக்க, இல்லாத மனைவியிடமிருந்து விவாகரத்து வாங்க வேண்டும். வீடு தேடும் காட்சிகளில் ஒவ்வொரு உரிமையாளரின் கேள்வியும், வக்கீல் அலுவலகத்தில் காந்தியின் வாழ்க்கையை அவனுக்கே புரியாத விதத்தில் மாற்றி எழுதுவதும், ஒரு முத்திரைக்காக எத்தனை மேசைகள் என்பதும், எங்கேயும் கூட்டிச் சொல்லாமல் அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றன. விஜய் சேதுபதி தோளைக் குறுக்கிக்கொண்டு அலுவலகங்களுக்குள் நுழையும் விதத்தைப் பாருங்கள். விண்ணப்பத்தோடு வரிசையில் நின்ற ஒவ்வொருவரின் தோள் அது. இலங்கைத் தமிழ் அகதி நேசன் வரும் பகுதியில் சிரிப்பு மெல்ல ஒதுங்கி வழிவிடுகிறது. பிற்பாதியின் காதல் கொஞ்சம் சௌகரியமானது. அதைக் கழித்துக்கொண்டாலும் என் பட்டியலில் தமிழின் முதலிடம் இதற்குத்தான். அதிகாரத்தின் முன் நிற்கும் எளியவனை இழிவுபடுத்தாமல், அவனைப் புனிதனாக்கவும் செய்யாமல், தொடர்ந்து சிரிக்க வைத்த வேறு தமிழ்ப் படத்தை என்னால் இதற்குச் சமமாக வைக்க முடியவில்லை.

ஆனால் அந்த அறையில் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் தெலுங்குக்காரரும் இருந்தால்? ‘ஆண்டவன் கட்டளை’யின் சிரிப்பில் பாதி பேச்சில் இருக்கிறது. அந்த அறைக்கு 1936இல் வெளிவந்த சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’தான் என் தீர்ப்பு. அதன் வயதைச் சொல்லித் தள்ளிவைக்க வேண்டாம். கழிவறையில் ஒரு நிமிடம் புகைக்க ஒதுங்கும் தொழிலாளியைச் சுவரில் பெரிய திரையில் தோன்றி முதலாளி வேலைக்கு விரட்டும் காட்சி, சிசிடிவி கேமராவுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். சாப்பாட்டு நேரத்தை மிச்சப்படுத்த, தானாக ஊட்டிவிடும் இயந்திரத்தைச் சாப்ளின் மேல் சோதிப்பார்கள். அது கோளாறாகி மக்காச்சோளத்தை முகத்தில் தேய்க்கும். ஏப்பம் விடக்கூட இடைவேளை கொடுக்காத லைனில் நிற்பவர்களுக்கு அந்த இயந்திரம் கற்பனையாகத் தோன்றாது.

இன்னொரு இடம், பலரும் கவனிக்காமல் கடப்பது. பெரிய இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்குள் மெக்கானிக் மாட்டிக்கொள்கிறார்; தலை மட்டும் வெளியே தெரிகிறது. அந்த நேரம் பார்த்து மதிய இடைவேளை. இயந்திரம் நின்றுவிட்டது, இனி இடைவேளை முடிந்தால்தான் அவரை வெளியே எடுக்க முடியும். சாப்ளின் பதறுவதில்லை. அவருடைய சாப்பாட்டை எடுத்து வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தலைக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டுகிறார். காபியைப் புனல் வைத்து ஊற்றப் பார்க்கிறார். ஆலை எவ்வளவு மூர்க்கமானது என்பதும், பக்கத்தில் நிற்கும் தொழிலாளி எவ்வளவு கரிசனமானவன் என்பதும் ஒரே காட்சியில். விபத்து நடந்த ஷெட்டில் நின்றவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்களா, மௌனமாகிவிடுவார்களா என்பது அவரவர் அனுபவத்தைப் பொறுத்தது. சாப்ளின் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறார்.

பேசும் படம் வந்து பல ஆண்டுகள் கழித்தும் இதைப் பேச்சில்லாமல் எடுத்தார். படத்தில் குரல் கேட்பது பெரும்பாலும் இயந்திரங்கள் வழியாகத்தான்: முதலாளியின் திரை, இசைத்தட்டு, வானொலி. முதன்முறையாக அவர் வாய் திறந்து பாடும்போது அது எந்த மொழியும் இல்லாத உளறல். சைகையிலேயே முழுக்கதையும் விளங்குகிறது. ஒடியா, போஜ்புரி, தெலுங்கு, தமிழ் நாலும் தெரிந்த ஆளைத் தேட வேண்டியதில்லை. குறைகள் உண்டு. சிறையும் கடையும் ஹோட்டலும் என்று கதை துண்டு துண்டாகப் போகிறது, பாலெட் காடார்டின் அநாதைப் பெண் சில இடங்களில் தேவைக்கு மேல் குதூகலமாக இருக்கிறாள், தொழிற்சங்கத்தைப் படம் தொட்டுவிட்டு விலகிவிடுகிறது. கீழே விழுந்த சிவப்புக் கொடியை எடுத்துக் கொடுக்கப் போய்த் தலைவன் என்று கைதாவதோடு சரி. இவற்றையெல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தும் தராசு சாயவில்லை.

ஆயுதபூஜைக்கு மேடை போடும் கம்பெனிகளும் சங்கங்களும் அந்த மாலையில் இதைத் திரையில் போடலாம். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். பொரி, சுண்டல் கொடுத்து முடிப்பதற்குள் ஓடிவிடும். மிமிக்ரிக்கு நேரம் போதவில்லை என்றால் அதைக் குறைத்துக்கொள்ளட்டும்.